மாத அறிக்கை

சபை அலுவலகத்தில் என் முக்கிய வேலை, விசுவாசிகள் தரும் மாத அறிக்கைகளைப் பதிவேட்டில் ஏற்றுவது. கொடுத்த கைப்பிரதிகள், சந்தித்த வீடுகள், உபவாசம் இருந்த நாட்கள், தனி ஜெபத்துக்கு எத்தனை மணி நேரம். கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் பேனா வாங்கி, பெஞ்சில் வைத்தே எழுதுவார்கள். பெரும்பாலும் 10, 20, 50 என்று முழு எண்களாகவே வரும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அடுத்த வாரம் போதகர் அதை மேடையில் பெயரோடு வாசிப்பாரே! எண்ணிக்கை குறைந்தால் மூப்பர்கள் விசாரிக்க வருவார்கள். பாடல் குழுவிலிருந்து பெயர் போகும். அப்புறம் 'பின்மாற்றம்', அதாவது விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டார் என்ற பேச்சு கிளம்பும்.

ஓர் அக்கா கொடுத்த தாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அவருடைய மாமியார் படுத்த படுக்கை. எல்லாக் கட்டத்திலும் 0 போட்டுவிட்டு, ஜெபத்துக்கான இடத்தில் மட்டும், "ராத்திரி முழுக்க முழிச்சிருக்கேன், நடுநடுவே ஜெபிக்கிறேன், மணிக்கணக்கு தெரியலை" என்று எழுதியிருந்தார். பதிவேட்டில் எண்தான் ஏறும். அந்த வரிக்கு இடமில்லை. சபையில் அந்த மாதம் ஆள் துணை அதிகம் தேவைப்பட்டது அவருக்குத்தான். பட்டியலில் கடைசிப் பெயரும் அவருடையதுதான். மூப்பர்கள் போனார்கள், புத்தி சொல்லிவிட்டு வந்தார்கள்.

உள்ளது உள்ளபடி எழுதுகிறவர்தான் இந்த முறையில் அடிபடுகிறார். கூட்டி எழுதுகிறவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொல்லும் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தை வருடாவருடம் பிரசங்கிக்கிறோம். அந்தக் கதவுக்குள் நடந்ததற்குத்தான் கணக்கும் கேட்கிறோம்.

மாற்ற முடியாத வழக்கமில்லை இது. எங்கள் சபை வேறு. ஆனால் யெகோவாவின் சாட்சிகளும் பல பத்தாண்டுகளாக ஊழிய மணி நேரத்தை மாதாமாதம் எழுதிக் கொடுத்தவர்கள். 2023 நவம்பரிலிருந்து சாதாரணப் பிரஸ்தாபிகள் (ஊழியத்துக்குப் போகும் பொது உறுப்பினர்கள்) மணிக்கணக்கு தர வேண்டாம், ஊழியத்தில் கலந்துகொண்டதையும் நடத்திய பைபிள் படிப்புகளையும் குறித்தால் போதும் என்று ஆக்கினார்கள். குறிப்பிட்ட மணி நேரம் ஊழியம் செய்ய ஒப்புக்கொண்ட பயனியர்களுக்குத்தான் மணிக்கணக்கு தொடர்கிறது. உலகம் முழுக்க 80 லட்சம் பேருக்கு மேல் இருக்கும் அமைப்பே இதை விட முடிந்திருக்கிறது.

வருகைப் பதிவு இருக்கட்டும். யார் வரவில்லை என்று தெரிந்தால்தான் போய்ப் பார்க்க முடியும். ஜெப மணி நேரக் கட்டத்தை எடுத்துவிட்டு, 'வீட்டில் உதவி தேவையா?' என்ற கேள்வியைப் போடுங்கள், மேடையில் வாசிப்பதையும் நிறுத்துங்கள் என்று போதகரிடம் கேட்டிருக்கிறேன். யோசிக்கலாம் என்றார். அடுத்த மூப்பர் கூட்டத்தில் அந்த அக்கா எழுதிய தாளையே, பெயரை மறைத்து, அவர்கள் முன் வைக்கப் போகிறேன். அவரிடம் கேட்டேன், சரி என்று சொல்லிவிட்டார்.