ஆக்சென்ட் காயிலோவர்: உயரம் வைக்கப் போன மூன்று ஞாயிறுகள்

என் 2004 ஹூண்டாய் ஆக்சென்ட் காரில் காயிலோவர் (ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் உள்ள, உயரத்தை மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்) மாட்டியது ஒரு நாள் வேலை. உயரம் வைப்பதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. கிருஷ்ணகிரி ரோட்டுக்குத் தோதாக வைக்க வேண்டும் என்ற ஆசையில் செய்தது. அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

முதல் ஞாயிறு, வீட்டு வாசலிலேயே ஆரம்பித்தேன். சி-ஸ்பேனரால் (வளையத்தைத் திருப்பும் கொக்கி வடிவ ஸ்பேனர்) ஸ்பிரிங் உட்காரும் தட்டை நான்கு பக்கமும் 15 சுற்று இறக்கினேன். மரை ஒரு சுற்றுக்கு 2 மி.மீ., ஆக 30 மி.மீ. வண்டி அழகாகத் தாழ்ந்தது. ஆனால் மறுபடி ஜாக்கி வைத்துத் தூக்கியபோது முன் ஸ்பிரிங் இரண்டும் கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. தட்டை இறக்கினால் ஷாக்கின் நீளம் மாறாது. ஸ்பிரிங்குக்கு இருந்த இறுக்கம்தான் போகும். குழியில் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் விலகி 'டக்' என்று உட்காரும். பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கி இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) வரை ஷாக் அமுங்க இருக்கும் ஓட்டமும் அந்த அளவு குறைந்துவிடும்.

அதனால் தட்டைப் பழையபடி ஏற்றி, ஸ்பிரிங் ஆடாமல் நிற்கும் இடத்திலிருந்து இன்னும் ஒன்றரைச் சுற்று மட்டும் இறுக்கி, லாக் வளையத்தைப் பூட்டினேன். உயரத்தைக் கீழ் பிராக்கெட்டில் (ஷாக்கின் அடிப்பாகம் மரையோடு இறங்கும், சக்கரப் பக்கம் பொருத்தும் பகுதி) மாற்றினேன். பிராக்கெட்டுக்குள் ஷாக் உடல் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு வண்டி இறங்கும், ஷாக்கின் ஓட்டம் அப்படியே இருக்கும். இந்த வசதி உள்ள காயிலோவர் வைத்திருப்பவர்கள் தட்டைத் தொடாமல் பிராக்கெட்டிலேயே வேலை செய்வது நல்லது.

அளப்பது சக்கர மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) விளிம்பு வரை. தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கில் புகுந்துவிடும். முன்பக்கம் 335 மி.மீ. என்று வைத்தேன். இடதில் 335, வலதில் 341 வந்தது. மரையை எண்ணிப் பார்த்தால் இரண்டும் சமம். குழப்பமாக இருந்தது.

வாசல் தரை மழைநீர் ஓட வாட்டமாகப் போட்டது என்று அடுத்த வாரம்தான் உறைத்தது. நண்பனின் கிரானைட் ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலால் நான்கு சக்கரம் நிற்கும் இடத்தையும் பார்த்து, தாழ்ந்த மூலையில் டைல்ஸ் துண்டு வைத்தோம். ஷெட்டில் இருந்த மேஸ்திரி பார்த்துக்கொண்டே இருந்தவர், "தம்பி, ஜாக்கிய இறக்குன கையோட அளக்காதீங்க. வண்டிய முன்ன பின்ன உருட்டி, அது நல்லா உக்காரட்டும், அப்புறம் டேப்ப எடுங்க" என்றார். நியாயம்தான். ஜாக்கியிலிருந்து இறங்கும்போது டயர்கள் உள்பக்கம் மடிந்து நின்று வண்டியை உயர்த்திப் பிடிக்கின்றன. பத்தடி முன்னும் பின்னும் தள்ளி, பானெட்டை நாலு தடவை அழுத்தியபின் அளந்ததில் வித்தியாசம் 2 மி.மீ.தான்.

டிரைவர் சீட்டில் 25 கிலோ அரிசி மூட்டை மூன்று ஏற்றினேன், என் எடை கிட்டத்தட்ட அதுதான். டேங்க் பாதி. வலது முன் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது, அதைச் சரிக்கட்டினேன். ஒரு மூலையை ஏற்றினால் குறுக்கே எதிர் மூலைக்கும் எடை ஏறுகிறது. அதனால் ஒவ்வொரு தடவையும் நான்கையும் அளக்க வேண்டும்.

ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க, அதன் தண்டில் கேபிள் டை ஒன்றைக் கட்டிவிட்டு காவேரிப்பட்டணம் வரை போய் வந்தேன். டை நின்ற இடத்துக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே 12 மி.மீ. மிச்சம், நல்ல செய்தி. ஆனால் இரண்டு வேகத்தடைகளில் சைலன்சர் குழாய் உரசியது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் டயரும் உள் லைனரை (ஃபெண்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பு) தொட்டது. நம் ஊர் வேகத்தடைகளுக்கு 335 ஆகாது. பிராக்கெட்டிலேயே ஏற்றி முன்பக்கம் 348, பின்பக்கம் 355 என்று நிறுத்திவிட்டேன். பார்க்க முன்போல் கவர்ச்சி இல்லை, ஆனால் வீட்டாரைத் தயங்காமல் ஏற்றிப் போகலாம்.

கடைசியாக, சக்கரம் தரையில் நிற்கும்போதே லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி முடுக்கினேன். தொங்கும் நிலையில் முடுக்கினால் அதிலுள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். மரை முழுக்கத் தூசியைத் துடைத்துக் காப்பர் கிரீஸ் தடவினேன். உயரம் முடிவான பிறகே வீல் அலைன்மென்ட். டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) நன்றாகவே மாறியிருந்தது.

500 கி.மீ. ஓடியதும் லாக் வளையங்களைச் சோதித்து, நான்கு மூலையும் மறுபடி அளக்கப் போகிறேன்.