ரேஞ்சருக்குப் புதுப் பின் ஆக்சில்: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 2, ஞாயிறு

என் ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பின் பின் ஆக்சில் நடுவில், எஞ்சின் விசையை இரு சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரக் குடம்தான் டிஃபரன்ஷியல். அதன் மூடியைக் கழற்றியதும் சந்தேகம் தீர்ந்தது. வடிந்த ஆயில் வெள்ளித் தூள் கலந்ததுபோல் மின்னியது. அடியில் கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரத்தின் பல் நுனி ஒன்று, சுண்டுவிரல் நகம் அளவுக்கு, கிடந்தது. ஏற்றத்தில் மூன்று வாரமாகக் கேட்ட 'நக் நக்' சத்தம் இதுதான்.

ஆக்சில்மேல் பழி போட மாட்டேன். 7.5 அங்குலக் கிரவுன், சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டின் நுனியில் 28 ஸ்ப்லைன் (பள்ள வரிகள்). வண்டியோடு வந்த டயருக்கு அது தாராளம். 33 அங்குல டயர் போட்டதும், சரக்கை ஏற்றி மேட்டில் விரட்டியதும் நான். டயரின் ஆரம் கூடினால், தரையில் அதே பிடிப்புக்கு ஷாஃப்ட் தாங்கும் முறுக்கு விசையும் கூடும். இதைத் தெரிந்துகொண்டே தள்ளிப்போட்டேன்.

மார்ச் 5, புதன்

எதைப் போடுவது என்று மூன்று இரவு யோசித்தாயிற்று. டானா 60 என்ற கனரக ஆக்சில்மேல் ஆசை இருந்தது. அதில் ஃபுல் ஃப்ளோட்டிங் வகை உண்டு. வண்டியின் எடையை ஹவுசிங்கும் (வெளிக்கூடு) ஹப்பும் சுமக்க, ஷாஃப்டுக்கு முறுக்குகிற வேலை மட்டும்தான். ஆனால் இந்தச் சின்ன வண்டிக்கு அவ்வளவு இரும்பு வேண்டாம். ஸ்பிரிங்குக்குக் கீழே எடை ஏறினால் குழியில் சக்கரம் துள்ளும்.

ஃபோர்டு எக்ஸ்புளோரரின் 8.8 (8.8 அங்குலக் கிரவுன் உள்ள ஆக்சில்) என்று முடிவு செய்துவிட்டேன். 31 ஸ்ப்லைன் ஷாஃப்ட். 30 மி.மீ. இருந்த இடத்தில் 33 மி.மீ. என்றால் அற்பமாகத் தெரியும். முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் முப்படியாக ஏறுவதால், மூன்றில் ஒரு பங்கு கூடக் கிடைக்கிறது. 1995-க்குப் பிந்தியதில் பின்னாலும் டிஸ்க் பிரேக். வீல் போல்ட் அமைப்பும் ரேஞ்சரைப் போலவே, 114.3 மி.மீ. வட்டத்தில் ஐந்து.

மார்ச் 8, சனி

பழைய எக்ஸ்புளோரர் ஒன்றிலிருந்து கழற்றிய ஆக்சில் வந்து இறங்கியது. முதலில் தகட்டைத் துடைத்துப் பார்த்தேன்: 3எல்73. 3.73 ரேஷியோ, நடுவில் இருக்கும் 'எல்' லிமிடெட் ஸ்லிப், அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் வகை. தகட்டை மட்டும் நம்பக் கூடாது என்பதால் மூடியைத் திறந்து பல்லையும் எண்ணினேன். கிரவுனில் 41, அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 11. முன் ஆக்சிலும் 3.73. என்னுடையது ஃபோர் வீல் வண்டி. முன்னும் பின்னும் ரேஷியோ வேறுபட்டால், ஃபோர் வீலில் போட்டதும் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி ஏதாவது ஒன்று உடையும்.

மார்ச் 9, ஞாயிறு

சீலும் பேரிங்கும் மாற்ற ஷாஃப்டை உருவ வேண்டும். இந்த ஆக்சிலில் ஷாஃப்டைப் பிடித்து நிறுத்துவது உள் நுனியில் இருக்கும் ஒரு சி கிளிப். டிஃபரன்ஷியல் நடுவில் குறுக்கே போகும் பின்னை (உருளைக் கம்பி) உருவினால்தான் ஷாஃப்டை உள்ளே தள்ளிக் கிளிப்பை எடுக்கலாம். அந்தப் பின்னைப் பூட்டியிருப்பது ஒரு ஒல்லிப் போல்ட். சூடு காட்டி மெதுவாகத்தான் திருப்பினேன். தலை தனியாக வந்துவிட்டது.

கை நடுங்கியது உண்மை. அரை மணி நேரம் எதையும் தொடவில்லை. அப்புறம்தான் உறைத்தது: தலை போய்விட்டால் உள்ளே நிற்கும் துண்டில் இறுக்கம் இல்லை. கூரான பஞ்ச் உளியை அதன் விளிம்பில் வைத்து இடப்பக்கமாகத் தட்டத் தட்ட, கால் சுற்று, அரைச் சுற்று என்று வெளியே வந்தது. இனி யார் கேட்டாலும் முதலில் இதைச் சொல்வேன். ட்ரில்லை எடுக்கும் முன் தட்டிப் பாருங்கள்.

ஷாஃப்டில் பேரிங் உருளும் இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தேன். பள்ளம் இல்லை. பேரிங்கின் உருளைகள் ஷாஃப்டின்மேலேயே உருள்வதால் அங்கே தேய்ந்திருந்தால் புதுப் பேரிங் போட்டும் பயனில்லை.

மார்ச் 15, சனி

எக்ஸ்புளோரரில் பட்டை ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே, ரேஞ்சரில் மேலே. அதனால் பட்டை உட்காரும் பழைய மேடைகளைக் கிரைண்டரால் அறுத்து, ஆக்சில் குழாயின் மேற்புறம் புதிதாக வைக்க வேண்டும். இதில் குழாய் தடிமனும்கூட. மேடையின் வளைவும், பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட்டின் அகலமும் அதற்கேற்ப இருக்கணும்.

அளவைக் குழாயின் வெளி நுனியிலிருந்துதான் எடுத்தேன். 8.8-இல் டிஃபரன்ஷியல் குடம் நட்டநடுவில் இல்லை. வலக் குழாய் இடக் குழாயைவிடக் குட்டை. குடத்திலிருந்து அளந்திருந்தால் வண்டி ஒரு பக்கம் தள்ளி நின்றிருக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று ஒரு தப்பு. வண்டியின் சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சில் தொங்க, பினியன் முனை எவ்வளவு சாய வேண்டும் என்ற கோணத்தை வைத்து மேடைகளைப் புள்ளி வெல்டிங் செய்தோம். சக்கரத்தைப் பூட்டித் தரையில் இறக்கிவிட்டு அளந்தால் மூன்று டிகிரி மாறியிருந்தது. எடை ஏறியதும் பட்டை நிமிர்கிறது, பட்டையின் முனையைத் தாங்கும் ஷாக்கிள் நகர்கிறது, ஆக்சிலும் கூடவே சுழல்கிறது.

"முழுசா ஓட்டலையே தம்பி, புள்ளிதானே? அறுத்துட்டு மறுபடி வைப்போம்," என்றார் வெல்டிங் அண்ணன். அவர் பொறுமைக்கு நான் கடன்பட்டவன்.

மார்ச் 22, சனி

வாரம் முழுக்கக் கோணத்தைப் பற்றியே நினைப்பு. கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்கு விசை கொண்டுவரும் நீள ஷாஃப்டின் இரு முனையிலும், சாய்ந்தபடியே சுற்றக்கூடிய ஒவ்வொரு யு ஜாயின்ட். சாய்ந்து சுற்றும் ஜாயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகமாகி இரண்டு முறை மந்தமாகும். முன்னது கொடுக்கும் ஏற்ற இறக்கத்தைப் பின்னது அழிக்க, கியர்பாக்ஸ் முனையும் பினியனும் இணையாக இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டர் மிதித்தால் பட்டை முறுக்கிப் பினியன் மூக்கு மேலே எழும். அதற்காக ஒன்றரை டிகிரி தாழ்த்தி வைப்பது வழக்கம்.

எனக்குக் கியர்பாக்ஸ் முனை பின்னோக்கி 4 டிகிரி இறங்குகிறது. பினியனை முன்னோக்கி 2.5 டிகிரி ஏற்றினோம். இம்முறை சக்கரம் தரையில், வண்டியின் முழு எடையும் பட்டைமேல். ஆட்டிக் குலுக்கி, மறுபடி அளந்து, அப்புறம்தான் புள்ளி.

மார்ச் 23, ஞாயிறு

முழு வெல்டிங். ஆக்சிலை இறக்கி, எர்த் கிளாம்பை வெல்டிங்குக்குப் பக்கத்தில் குழாயிலேயே மாட்டினோம். இல்லாவிட்டால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைப் பொத்துவிடும். ஒரு அங்குலம் ஓட்டுவது, மறுபக்கம் போவது, ஆற விடுவது. ஒரே மூச்சில் ஓட்டினால் குழாய் வளையும். தண்ணீர் ஊற்றவில்லை, தானாகவே ஆறட்டும். ஆறிய பிறகு புது பேரிங், சீல். யு போல்ட்டும் புதிது. ஒருமுறை இறுக்கி நீண்ட யு போல்ட்டை மறுபடி நம்பக் கூடாது.

மார்ச் 29, சனி

பிரேக் டியூப், ஹேண்ட் பிரேக் கேபிள், காற்றெடுப்பு. பகல் முழுக்கப் போயிற்று, சொல்ல அதிகம் இல்லை. ஆளில்லாத ஈரத் தரையில் பிரேக்கை அழுத்திச் சோதித்தேன். முன் சக்கரம்தான் முதலில் பூட்டியது. பின்னது முதலில் பூட்டியிருந்தால் வண்டியை ரோட்டில் இறக்கியிருக்க மாட்டேன்.

75டபிள்யூ-140 ஆயில், லிமிடெட் ஸ்லிப்புக்கான ஃபிரிக்‌ஷன் மாடிஃபயர் (உராய்வைச் சீராக்கும் சேர்ப்பு). லிமிடெட் ஸ்லிப்பின் கிளட்ச் தட்டுகளில் ஆயில் ஊற, எட்டு வடிவத்தில் மெதுவாகச் சுற்றினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலி வண்டியில் அதிர்வே இல்லை. சரக்கு ஏற்றி மேட்டில் மிதித்தால் மட்டும் 70 கி.மீ. வேகத்தில் தரைத்தகடு முணுமுணுக்கிறது. முறுக்கில் பட்டை நான் நினைத்ததைவிடக் கூடுதலாக வளைகிறது போல. பட்டைக்கும் மேடைக்கும் நடுவே ஒரு டிகிரி ஆப்பு வைத்து மூக்கை இன்னும் தாழ்த்தினேன். முணுமுணுப்பு போய்விட்டது.

ஏப்ரல் 27, ஞாயிறு

800 கி.மீ. ஓடியாயிற்று. யு போல்ட்டுகளை மறுபடி இறுக்கினேன். இரண்டில் கால் சுற்று போனது. மூடியைத் திறந்து ஆயிலில் காந்தத்தை ஓட்டினேன். மெல்லிய சாம்பல் பசை மட்டும் ஒட்டியது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், ஒரு துகள்கூட நெருடவில்லை. நாளை மேட்டுக்கு முழுச் சரக்கு.