அகத்தியர்கூடம்: இறங்கவும் கால் வேண்டும்

பொதிகையின் உச்சியான அகத்தியர்கூடம் 1,868 மீட்டர்தான். உயரத்தைப் பார்த்து எளிதாக எடைபோட்டு வருகிறவர்கள்தான் பாதியில் சுளுக்கும் பிடிப்புமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். கஷ்டம் உயரத்தில் இல்லை, தூரத்தில். நடை தொடங்கும் போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை சுமார் 15 கி.மீ., அங்கிருந்து உச்சிக்கு இன்னொரு 6 கி.மீ. போகவர 40 கி.மீ.க்கு மேல். இரண்டே நாளில் முடிக்க ஓடாதீர்கள்; மூன்று நாள் ஒதுக்குங்கள்.

நமக்கு வழி கேரளப் பக்கம்தான். ஜனவரி, பிப்ரவரியை ஒட்டிய சீசனில் கேரள வனத்துறை ஆன்லைனில் பதிவு திறக்கும். இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பதால், குழுவில் உள்ள எல்லோருடைய அடையாள அட்டை எண்களையும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அசல் அட்டையும், புதிதாக வாங்கிய மருத்துவத் தகுதிச் சான்றும் சோதனைச்சாவடியில் கேட்பார்கள். நெடுமங்காடு, விதுரா வழியாகக் காலையிலேயே போணக்காடு போய்ச் சேர வேண்டும்.

பை ஆறு கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு ஜோடி மாற்றுடை, போர்வை, டார்ச், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆறு, அட்டைப்பூச்சிக்கு உப்புப்பொடி. இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். முதல் பாதியில் கரமனையாறு, வாழப்பைந்தியாறு, அட்டையாறு என்று ஓடைகள் வந்துகொண்டே இருக்கும். சாப்பாடு சுமக்க வேண்டாம், அதிருமலையில் கஞ்சி கிடைக்கும். புது ஷூ மட்டும் போட்டு வராதீர்கள். இறக்கத்தில் பெருவிரல் நகம் முன்பக்கம் இடித்துக் கறுத்துவிடும். பழகிய ஷூவானாலும் நகத்தை வெட்டி, கணுக்கால் பக்கம் நாடாவை இறுக்கிக் கட்டினால்தான் கால் முன்னால் சரியாது.

அட்டையாறு தாண்டியதும் காடு விலகிப் புல்மேடு வரும். நிழலே கிடையாது. இதை உச்சிவெயிலில் கடக்கிறவர்களுக்குத்தான் தொடையில் பிடிப்பு வரும். வியர்வையில் உப்பு போய், வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பதும் ஒரு காரணம். புல்மேட்டுக்கு முன்பே ஒரு பாக்கெட் கரைத்துக் குடித்துவிடுங்கள். ஆளுயரப் புல்லுக்குள் யானை நின்றாலும் தெரியாது, அதனால் வழிகாட்டியாக வரும் காணி பழங்குடி மக்களை முந்தி நடக்கக் கூடாது. அவர்கள் நில் என்றால் நிற்க வேண்டும், காரணம் கேட்க வேண்டாம்.

அடுத்தது ஏழுமடக்கன் தேரி, பிறகு முட்டிடிச்சான் தேரி. நம் பக்கம் தேரி என்றால் செம்மண் மேடு. இங்கே செங்குத்துச் சரிவு. முட்டிடிச்சானில் முழங்கால் நெஞ்சில் இடிக்கும், பெயர் பொய் சொல்லவில்லை. சின்ன அடியாக, வாயைத் திறக்காமல் மூக்கால் மூச்சுவிடும் வேகத்தில் ஏறினால் போதும்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். பத்து மணிக்குப் பிறகு மூடுபனி ஏறினால் பாறை நனைந்துவிடும். பொங்கலப்பாறையைத் தாண்டிக் குட்டை மூங்கில் காட்டுக்குள் நுழைந்தபின் கயிறு கட்டிய பாறைகள் வரும். பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, பயத்தில் பாறையோடு ஒட்டிக்கொள்வது. ஒட்டினால் பாதத்துக்குப் பிடி போய் வழுக்கும். உடம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்து, முழுப் பாதத்தையும் பாறையில் பதித்து, காலால் ஏறுங்கள். கயிறு நிதானத்துக்கு மட்டும். ஒரு கயிற்றில் ஒரே ஆள். இறங்கும்போது முகம் பாறையைப் பார்த்திருக்க வேண்டும்.

உச்சியில் அகத்தியர் சிலை இருக்கிறது. காற்று ஆளைத் தள்ளும், விளிம்புக்குப் போகாதீர்கள். வியர்த்த உடம்போடு அரைமணிக்கு மேல் உட்கார்ந்தால் தசை இறுகிவிடும், கயிற்றில் இறங்கும்போது கால் நடுங்கும். அன்றிரவு அதிருமலையிலேயே தங்குங்கள். அன்றே போணக்காடு வரை இறங்க நினைத்தால் முட்டிடிச்சானில் முழங்கால் மடங்காது, புல்மேட்டுக்கு வரும்போது இருட்டிவிடும். இருட்டில் அது யானையின் இடம்.

போணக்காட்டிலிருந்து பஸ் குறைவு, போனும் எடுக்காது. மூன்றாம் நாள் மதியத்துக்கு வண்டியை முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள்.