எம்எக்ஸ்-5 காரின் பின்பக்க சஸ்பென்ஷன் புஷ்களை மாற்றிய அனுபவம்

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறை 1989-இல் அறிமுகமாகி 1997 வரை தயாரிப்பில் இருந்தது. ஒரு டன்னுக்கும் குறைவான எடை, முன்னால் எஞ்சின், பின்சக்கர இயக்கம், நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஆர்ம்கள் தாங்கும் அமைப்பு) ஆகியவை சேர்ந்துதான் அந்தக் காருக்கு நற்பெயரை வாங்கித் தந்தன. இங்கிலாந்தில் நான் ஓட்டிவருவது 1994-ஆம் ஆண்டின் கார். அதன் பின்பக்க ரப்பர் புஷ்கள் (ஆர்ம்களின் இணைப்புகளில் அசைவுக்கு இடம்தரும் ரப்பர் உறைகள்) அனைத்தையும் வீட்டுக் கராஜிலேயே மாற்றி முடித்தேன். இதே வேலையில் இறங்க எண்ணுபவர்களுக்கு உதவும் என்பதால் அந்த விவரங்களை எழுதுகிறேன்.

வளைவில் திரும்பும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், காரின் பின்பகுதி ஒரு கணம் தாமதித்துப் பிறகு தானாகவே சற்றுத் திரும்புவதுதான் முதலில் தெரிந்த அறிகுறி. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மந்தமான ஒரு தட்டல் சத்தமும் பின்னர் சேர்ந்துகொண்டது. கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் எம்ஓடி பரிசோதனையில் கார் தேறிவிட்டாலும், பின்பக்க புஷ் தேய்ந்திருப்பதாக ஆலோசனைக் குறிப்பு வந்தது. ரப்பர் தளர்ந்துவிட்டால், பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் கீழ் ஆர்ம் இடம்பெயர்ந்து, சக்கரத்தின் டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) ஓட்டத்திலேயே மாறுகிறது. கனமான காரில் இது அமுங்கிப்போகக்கூடும். ஆனால் எம்எக்ஸ்-5-இன் வீல்பேஸ் 2,265 மில்லிமீட்டர்தான், ஓட்டுநர் அமர்வதும் பின் அச்சுக்குச் சற்று முன்னால்தான் என்பதால், அந்தச் சிறு அசைவும் நேராக உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. ஆர்ம்களைத் தாங்கும் அடிச்சட்டமான சப்ஃபிரேமுக்கும் ஆர்முக்கும் இடையே நெம்புகோலை நுழைத்து அசைத்தபோது, ரப்பர் உள்குழாயை விட்டுப் பிரிந்து, அந்த இடைவெளியிலிருந்து செந்நிறத் துருத்தூள் உதிர்ந்தது. அதற்குமேல் சந்தேகத்துக்கு இடமில்லை.

மாற்றுவது என்று முடிவானதும், ரப்பரா பாலியூரித்தேனா என்ற கேள்வி எழுந்தது. மூல புஷ்ஷின் அமைப்பு எளியது: வெளியே மெல்லிய இரும்புக் குழாய், உள்ளே போல்ட் செல்லும் தடித்த குழாய், இரண்டையும் பிணைத்து நிற்கும் ரப்பர். ஆர்ம் மேலும் கீழும் அசையும்போது ஒன்றன்மேல் ஒன்று உரசிச் சுழல்வதில்லை. ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு மீள்கிறது. பாலியூரித்தேன் புஷ் உள்குழாயின்மேல் சுழலும் வகையைச் சேர்ந்தது. இரண்டு பாதிகளாக வருவதால் கையாலேயே அழுத்திப் பொருத்திவிடலாம் என்பது பெரிய வசதி. ஆனால் கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். சாலையின் சிறு அதிர்வுகளையும் ரப்பர் அளவுக்கு உள்வாங்காது. ரேஸ் டிராக்கில் அடிக்கடி ஓட்டுபவர் அதைத் தேர்ந்தெடுப்பது நியாயமே. கிராமப்புறச் சாலைகளில் ஓட்டும் எனக்கு, இந்தக் காரை வடிவமைத்தவர்கள் நினைத்த நெகிழ்வு அப்படியே திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதால் ரப்பரையே வாங்கினேன்.

இந்த வேலையில் நேரத்தையும் பொறுமையையும் பெருமளவு எடுத்துக்கொள்பவை போல்ட்கள்தான். குளிர்காலத்தில் இங்கே சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள். பல ஆண்டுகள் அந்த உப்புநீர் இறங்கிய காரில், போல்ட்டும் புஷ்ஷின் உள்குழாயும் துருவேறி ஒன்றாக இறுகிவிடுகின்றன. கீழ் ஆர்மைச் சப்ஃபிரேமுடன் இணைப்பவை கேம் போல்ட்கள், அதாவது மையம் விலகிய வட்டு கொண்ட போல்ட்கள். அவற்றைத் திருப்பித்தான் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு), டோ கோணங்களை அமைக்கிறார்கள். ஆகவே நட்டைத் தொடுவதற்கு முன்பே, கேம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று வெள்ளைப் பெயின்ட்டால் குறித்துப் புகைப்படமும் எடுத்துக்கொண்டேன். நட் கழன்றுவிட்ட பிறகும் போல்ட் வெளியே வரவில்லை. ஸ்பேனரால் திருப்பினால் உள்குழாயும் கூடவே திரும்பி, ரப்பர் முறுக்கிக்கொள்ளும். கையை விட்டதும் ஸ்பேனர் மெல்லப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அப்படி வந்து நின்றால் அந்த போல்ட்டை அறுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று கொள்ளலாம். எரிபொருள் தொட்டி இருக்கைகளுக்குப் பின்னால், இந்த இடத்துக்கு மிக அருகில் இருப்பதால், தீயால் சூடேற்றும் யோசனையை நான் ஏற்கவில்லை. சப்ஃபிரேமில் போல்ட் செல்லும் காதுக்கும் புஷ்ஷின் முனைக்கும் இடையே உள்ள குறுகிய இடத்தில் மின்ரம்பத்தின் பிளேடை நுழைத்து, போல்ட்டை இருபுறமும் அறுத்தேன். காதில் பிளேடு பட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். ஆர்மை மாற்றலாம், சப்ஃபிரேமை எளிதில் மாற்ற முடியாது. புதிய கேம் போல்ட்களை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்ததால் வேலை நின்றுபோகவில்லை.

சக்கரத்தாங்கியின் அடிப்பகுதி வழியாகச் செல்லும் நீண்ட போல்ட் இதைவிடப் பிடிவாதமானது. துரு நீக்கும் எண்ணெயைப் பல நாட்கள் முன்பிருந்தே விட்டு ஊறவைத்து, நீண்ட கைப்பிடியால் இம்மியளவு முன்னும் இம்மியளவு பின்னுமாகத் திருப்பிக்கொண்டே இருந்ததில், அறுக்காமலேயே வெளிவந்தது. ஒரே பக்கமாக முழு பலத்தையும் கொடுத்தால் தலை முறிந்துவிடும்.

ஆர்ம்கள் கையில் வந்த பிறகு வேலை எளிதாகிறது. ரப்பரை எரித்து எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் புகை நச்சு என்பதால் நான் டிரில்லால் துளைகள் போட்டு ரப்பரைப் பிய்த்தெடுத்தேன். பிறகு ஹாக்சா பிளேடை வெளிக்குழாயின் உள்ளே செலுத்தி, நீளவாக்கில் ஒரே கோடாக அறுத்து, ஆர்மின் சுவர் எட்டுவதற்குச் சற்று முன் நிறுத்தி, உளியால் உள்நோக்கி மடித்தேன். குழாய் சுருண்டு கழன்றது. உள்சுவரை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, மெல்லிய கிரீஸ் பூசி, கெட்டியான திரெட் கம்பி, தடித்த வாஷர்கள், பொருத்தமான சாக்கெட்டுகள் ஆகியவற்றைக் கொண்டு புதிய புஷ்ஷை மெதுவாக உள்ளே இழுத்தேன். விசை வெளிக்குழாயின் விளிம்பில் மட்டுமே விழ வேண்டும். ரப்பரில் விழுந்தால் புஷ் கோணலாக ஏறும். பழைய புஷ் இருபுறமும் எவ்வளவு துருத்திக்கொண்டிருந்தது என்று முன்பே அளந்து வைத்திருந்தது இங்கே உதவியது.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, நட்களை இறுக்கும் நிலையைப் பற்றி. நட்டை இறுக்கும்போது ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, அதுவே அந்த ரப்பரின் நடுநிலையாகிவிடுகிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு காரைத் தரையில் இறக்கினால், கார் சும்மா நிற்கும்போதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும். புதிய புஷ்ஷும் சீக்கிரத்தில் கிழிந்துவிடும். அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே, கார் சமதளத்தில் நிற்கையில், சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வைத்தேன். அனைத்தையும் விரலால் மட்டும் முடுக்கிய பின், கார் ஆக்சில் ஸ்டாண்டுகளில் உறுதியாக நிற்க, சக்கரத்தாங்கியின் கீழ் ஜாக்கை வைத்து அதே அளவு வரும் வரை உயர்த்தி, பிறகுதான் பட்டறைக் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கும் முறுக்குவிசையை அளக்கும் டார்க் ஸ்பேனரால் இறுக்கினேன். கேம் போல்ட்களை அலைன்மென்ட்டின்போது (சக்கரக் கோணங்களை அளந்து சரிசெய்யும்போது) எப்படியும் மறுபடி தளர்த்தி இறுக்குவார்கள்; மேல் ஆர்மின் போல்ட்களையோ நீண்ட போல்ட்டையோ யாரும் தொடமாட்டார்கள். எனவே அவற்றை வீட்டிலேயே சரியாக இறுக்கிவிட வேண்டும். போல்ட்டின் வழவழப்பான தண்டுப் பகுதியில் மட்டும் காப்பர் கிரீஸ் பூசினேன். திரெட்டில் பூசினால் டார்க் அளவு மாறிவிடும்.

பெயின்ட் குறிகளை வைத்துக் கோணங்களைத் தோராயமாக அமைத்து, மெதுவாக ஓட்டிச் சென்று நான்கு சக்கர அலைன்மென்ட் செய்துகொண்டேன். பின் சக்கரங்களுக்குச் சற்றே டோ-இன் (முன்விளிம்பு உள்நோக்கி), இருபுறமும் சமமான நெகட்டிவ் கேம்பர் (மேல்பகுதி உட்சாய்வு) கேட்டேன். ஓட்டுநரின் எடைக்கு ஈடாக என் இருக்கையில் பாரம் வைத்தே அளந்தார்கள். வளைவில் காலை எடுத்தால் இப்போது கார் முழுதும் ஒன்றாகவே மூக்கை உள்ளே திருப்புகிறது; அந்தத் தாமதம் இல்லை, வேகத்தடையில் சத்தமும் இல்லை. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்களையும் மீண்டும் டார்க் ஸ்பேனரால் சரிபார்த்தேன், எதுவும் தளரவில்லை. அடுத்து முன்பக்கம், அங்கே புஷ்களுடன் பால் ஜாயின்ட்களையும் (பந்து வடிவ மூட்டுகளையும்) பார்க்க வேண்டியிருப்பதால், சாலையில் உப்பு விழத் தொடங்கும் முன் முடிப்பதாகத் திட்டம்.