ஷிஃப்ட் தடை: ஓட்டை எங்கே இருக்கு?

பேட்டர் எந்தப் பக்கம் அடிப்பார்னு பார்த்து ஃபீல்டர்களை அந்தப் பக்கமே குவிப்பதுதான் ஷிஃப்ட். மேஜர் லீக் பேஸ்பாலில் இப்போ அதுக்குத் தடை: 2023 முதல் இன்ஃபீல்டர்கள் (பேஸ்களை ஒட்டி உள்பகுதியில் நிற்கிறவர்கள்) நால்வரும் மண் விளிம்பைத் தாண்டிப் பின்புறப் புல்லில் நிற்கக் கூடாது. இரண்டாம் பேஸுக்கு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர். பிட்சர் (பந்து வீசுபவர்) கையை விட்டுப் பந்து கிளம்பியதும் எங்கே வேணும்னாலும் ஓடலாம். மீறினால் பேட்டருக்கு ஒரு 'பால்' இலவசம் (நாலு 'பால்' சேர்ந்தா அவர் முதல் பேஸுக்குப் போயிடலாம்); 2025 முதல், மீறியவரே அடித்த பந்தை முதலில் தொட்டால் முதல் பேஸே இலவசம். அடி நல்லா விழுந்திருந்தா பேட்டிங் அணி அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனா பின்புறப் புல்லில் நிற்கிற அவுட்ஃபீல்டருக்கு இந்தக் கட்டு கிடையாது! வலப்பக்கமே இழுத்தடிக்கிற இடதுகைக்காரர் வந்தா, ஒருத்தரை இரண்டாம் பேஸ்மேனுக்குப் பின்னால் புல்லில் இறக்கிடலாம். விலை, இடது அவுட்ஃபீல்ட் பாதி காலி. ஷார்ட்ஸ்டாப்பும் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கிற இன்ஃபீல்டர்) இரண்டாம் பேஸை ஒட்டியே நிற்கலாம், அந்தப் பக்கம் தாண்டாம.

லீக் பேட்டிங் சராசரி (பேட்டர் ஹிட் அடிக்கிற விகிதம்) 2022ல் .243, தடை வந்த 2023ல் .248 ஆச்சு; 2024ல் திரும்ப .243. பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலே ஸ்ட்ரைக்அவுட் ஆகிறவனுக்கு ஃபீல்டர் எங்கே நின்னா என்ன?