பந்து இல்லாத பக்கம்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது கேமரா பந்தை விட்டு விலகவே விலகாது. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பின்வாங்கி வீசுவார், 40 யார்டு தள்ளி ஒருவர் தாவிப் பிடிப்பார், அரங்கமே எழுந்து நிற்கும். நான் வேலை பார்க்கும் வீடியோ அறையில் அந்த ஒளிபரப்புப் படம் அவ்வளவாகப் பயன்படாது. எங்களுக்கு வேண்டியவை வேறு இரண்டு படங்கள். ஒன்று, பக்கவாட்டில் உயரத்திலிருந்து 22 பேரையும் சேர்த்து எடுத்தது. இன்னொன்று, மைதானத்தின் கோடியில் புள்ளி எடுக்கும் பகுதியான எண்ட் ஸோனுக்குப் பின்னாலிருந்து எடுத்தது. டிஃபென்ஸ், அதாவது பந்து இல்லாமல் தடுக்கும் பக்கம், என்ன செய்கிறது என்பது இந்த இரண்டாவது படத்தில்தான் தெளிவாகத் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு உறுதியான எண்ணம் வந்துவிட்டது. நல்ல டிஃபென்ஸின் உழைப்பில் பெரும்பகுதி, நடக்காமல் போன விஷயங்களில் இருக்கிறது. வீசப்படாத பாஸ், ஓட வழியில்லாமல் போன இடைவெளி, இவற்றையெல்லாம் யாரும் மறு ஒளிபரப்பில் காட்டுவதில்லை.

புள்ளியியல் முதுகலை படிக்க அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றுக்கு வந்தவன் நான். மாணவர் விசாவில் இருப்பவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். நூலகத்தில் இடம் இல்லை, ஃபுட்பால் அணியின் வீடியோ பிரிவில் இருந்தது. சேர்ந்தபோது எனக்கு விதிமுறைகள்கூட அரைகுறைதான். 4 முயற்சிகளில் 10 யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி 4 முயற்சி கிடைக்கும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போகும். இவ்வளவு தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்குப் போதும். படிப்பு முடிந்ததும் அதே மாதிரி வேலை வேறொரு பல்கலைக்கழகத்தில் முழுநேரமாகக் கிடைத்தது.

வேலை என்னவென்றால், எதிரணியின் ஒவ்வொரு ஆட்டத்தையும் ப்ளே ப்ளேயாக, அதாவது ஒரு முயற்சிக்கு ஒரு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் விவரம் சேர்ப்பது. எத்தனையாவது முயற்சி (டவுன்), எத்தனை யார்டு மீதி, பந்து மைதானத்தின் எந்தப் பக்கம், ஓட்ட வீரர்கள் எத்தனை பேர், தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் எத்தனை பேர், பந்தைப் பின்னால் கொடுத்து ப்ளேயைத் தொடங்கும் ஸ்னாப்புக்கு முன் யாராவது இடம் மாறினார்களா. ஒரு ஆட்டத்தில் இரு அணிக்கும் சேர்த்துச் சுமார் 130, 140 ப்ளே வரும். ஞாயிறு காலைக்குள் இது தயாராக இருந்தால்தான் பயிற்சியாளர்கள் அடுத்த ஆட்டத்துக்குத் திட்டம் போட உட்கார முடியும். ஒரு டிஃபென்ஸ் கோச் ஆரம்பத்திலேயே என்னிடம் சொன்னார்: “பந்தை யார் பிடித்தான் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அந்த நேரத்தில் சேஃப்டி எங்கே பார்த்துக்கொண்டிருந்தான், அதைச் சொல்.” சேஃப்டி என்பவர் டிஃபென்ஸில் எல்லோருக்கும் பின்னால் நிற்பவர்.

எனக்கு இது புரிந்தது கபடி வழியாகத்தான். பாடி வருபவரைப் பிடிக்க மூலையில் இருப்பவர் ஒரு நொடி முந்திப் பாய்ந்தால் மொத்தச் சங்கிலியும் அறுந்துவிடும். இங்கேயும் அப்படித்தான். 11 பேரில் ஒவ்வொருவருக்கும் ஒரு இடைவெளி பொறுப்பு. தன் இடைவெளியை விட்டுவிட்டுப் பக்கத்து இடைவெளியில் வீரம் காட்டப் போனால், அவர் விட்ட இடத்தில்தான் 60 யார்டு ஓட்டம் வரும்.

அப்புறம், கல்லூரி ஃபுட்பாலின் விதிகளே பந்தை வைத்துத் தாக்கும் அஃபென்ஸ் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கின்றன. பந்தை வைக்கும் இரண்டு கோடுகளுக்கும் இடையே கல்லூரியில் 40 அடி. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம்தான். அதனால் கல்லூரியில் பந்து அந்தக் கோடுகளில் ஒன்றில் இருக்கும்போது மறுபக்கம் பெரிய வெட்டவெளி கிடக்கும், அதை யாராவது காக்க வேண்டும். பாஸ் வீசும் ப்ளேயில் அஃபென்ஸின் முன்வரிசைக்காரர்கள் கல்லூரியில் 3 யார்டு வரை முன்னேறலாம், என்எஃப்எல்லில் ஒரு யார்டுதான். அந்த 2 யார்டு வித்தியாசத்தில்தான், ஓட்டமா பாஸா என்று கடைசி நொடியில் முடிவு செய்யும் ஆர்பிஓ ப்ளேக்கள் கல்லூரியில் இவ்வளவு செழித்தன. டிஃபென்ஸ் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் முன்னே வந்தால் தலைக்கு மேல் பாஸ், பின்னே போனால் ஓட்டம். அவர் எது செய்தாலும் தப்பாகும்படி வடிவமைத்த ப்ளே அது.

வேகமும் சேர்ந்துகொண்டது. அஃபென்ஸ் ஆளை மாற்றினால், டிஃபென்ஸும் ஆளை மாற்ற நடுவர் நேரம் கொடுப்பார். அஃபென்ஸ் மாற்றவில்லை என்றால் அந்த நேரம் கிடையாது. அதனால் வேகமான அணிகள் அதே 11 பேரை வைத்துக்கொண்டு, முந்தைய ப்ளே முடிந்த உடனே வரிசையில் வந்து நிற்கும். 130 கிலோ எடையுள்ள டிஃபென்ஸ் வீரர் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குவதை எண்ட் ஸோன் படத்தில் பார்த்திருக்கிறேன். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அடுத்த ஸ்னாப்.

இந்தப் பாணியின் உச்சம் என்று நான் நினைப்பது 2016 அக்டோபரில் டெக்சஸ் மாநிலத்து லப்பக்கில் நடந்த ஆட்டம். ஓக்லஹோமா 66, டெக்சஸ் டெக் 59. டெக்சஸ் டெக்கின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் பாஸில் மட்டும் 734 யார்டு எடுத்தார், தோற்றார். இரு அணிகளும் சேர்ந்து எடுத்தது 1,708 யார்டு. மஹோம்ஸ் பிற்காலத்தில் என்எஃப்எல்லில் பெரிய நட்சத்திரமானது ஊருக்கே தெரியும். ஆனால் அந்த ஆண்டு அவருடைய கல்லூரி அணி 5 ஆட்டம் வென்று 7 தோற்றது. அவ்வளவு பெரிய திறமை பந்தை வைத்திருந்தும் பாதி ஆட்டம்கூட வெல்ல முடியவில்லை. 3 ப்ளேயில் பந்தை எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோய் டச்டவுன் போட்டுவிட்டு உட்காரும் அஃபென்ஸ், தன் டிஃபென்ஸை ஒரு நிமிட ஓய்வுக்குப் பிறகு மறுபடி வெயிலில் நிறுத்துகிறது. இதை நாங்கள் எண்களில் பார்ப்போம். அதனால் ஒரு டிஃபென்ஸை ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி கொடுத்தது என்று அளப்பதை நான் ஏற்கமாட்டேன். எதிரணிக்குப் பந்து எத்தனை முறை கிடைத்தது, ஒவ்வொரு முறையும் எத்தனை புள்ளி போனது என்று பார்க்க வேண்டும். 15 முறை பந்து கிடைத்து 28 புள்ளி எடுப்பதும், 9 முறை கிடைத்து 28 எடுப்பதும் ஒன்றல்ல.

2023 சீசனின் இறுதி ஆட்டத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். 2024 ஜனவரி 8, ஹூஸ்டன். ஒரு பக்கம் வாஷிங்டன். அவர்களுடைய குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ் அந்த ஆண்டு நாட்டிலேயே அதிகமாக 4,903 யார்டு வீசியவர். நாட்டின் சிறந்த முன்வரிசைக்கான ஜோ மூர் விருதும் அவர்களிடம்தான். அரையிறுதியில் டெக்சஸுக்கு எதிராக அவர் 430 யார்டு வீசியதைப் பார்த்தவர்கள் இவரை நிறுத்த ஆளில்லை என்றே நினைத்திருப்பார்கள். மறுபக்கம் மிச்சிகன். ஆட்டத்துக்குச் சராசரியாக 10.4 புள்ளி மட்டுமே கொடுத்த டிஃபென்ஸ்.

முடிவு மிச்சிகன் 34, வாஷிங்டன் 13. பெனிக்ஸ் 51 முறை வீசி 27 சேர்த்தார், 255 யார்டு, 2 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட பாஸ்). இதை வைத்து “அன்று அவருக்கு நாள் சரியில்லை” என்றவர்கள் உண்டு. படம் அப்படிச் சொல்லவில்லை. மிச்சிகனின் டிஃபென்ஸ் கோச்சாக இருந்த ஜெஸ்ஸி மிண்டர் வகுத்த அந்தப் பாணியில் ஸ்னாப்புக்கு முன் 5, 6 பேர் குவார்ட்டர்பேக் மேல் பாயப் போவதுபோல முன்னே நிற்பார்கள். ஸ்னாப் ஆனதும் 4 பேர்தான் பாய்வார்கள், பாய்வார் என்று நினைத்த ஆள் பின்வாங்கிப் பாஸ் போகும் பாதையில் நிற்பார். பின்னால் இரண்டு சேஃப்டிகளும் நின்ற இடத்தை வைத்து எதையும் ஊகிக்க முடியாது. குவார்ட்டர்பேக்கின் கண் முதலில் ஒருவரிடம் போகும், அங்கே ஆள் நிற்பார், கண் திரும்பும். அந்த அரை நொடியில் அவர் கால் நகர்ந்துவிடும். நகர்ந்த காலோடு வீசும் பந்து ஒரு அடி தள்ளிப் போகும். அன்று பெனிக்ஸ் தரையில் வீழ்த்தப்பட்டது மிகக் குறைவு, ஆனால் நிம்மதியாக நின்று வீசியதும் குறைவுதான். இரண்டாம் பாதியின் முதல் ப்ளேயிலேயே வில் ஜான்சன் இன்டர்செப்ட் செய்தார். தொலைக்காட்சியில் அதை ஒரு கையின் சாகசமாகக் காட்டினார்கள். எனக்கு அது அதற்கு முந்தைய 30 நிமிடம் சேர்த்துவைத்த சந்தேகத்தின் விளைவாகத் தெரிந்தது.

அந்த வெற்றியை டிஃபென்ஸுக்கு மட்டும் எழுதிவைக்கவும் கூடாது. மிச்சிகன் அன்று ஓடியே 303 யார்டு எடுத்தது. டோனவன் எட்வர்ட்ஸ் முதல் கால்பகுதியில் 41, 46 யார்டு ஓடி இரண்டு டச்டவுன் போட்டார். முன்னிலை இருந்ததால் டிஃபென்ஸ் பொறுமையாக விளையாட முடிந்தது. ஒரு அறையில் அஃபென்ஸ் கோச்சுகள், இன்னொரு அறையில் டிஃபென்ஸ் கோச்சுகள், வாரம் முழுக்கத் தனித்தனிக் கூட்டம் என்று வேலை நடந்தாலும், ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை அந்த இரண்டும் ஒரே உடம்புதான்.

டிஃபென்ஸ்தான் கோப்பை வெல்லும் என்று இங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள். 2019 எல்எஸ்யூவை (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணியை) பார்த்தவர்கள் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. 15 ஆட்டமும் வெற்றி, 726 புள்ளிகள், குவார்ட்டர்பேக் ஜோ பரோ 60 டச்டவுன் பாஸ். இறுதி ஆட்டத்தில் எதிரே கிளெம்சன், அவர்களுடைய டிஃபென்ஸை நடத்தியவர் பிரென்ட் வெனபிள்ஸ், இந்தத் துறையில் பெரிய பெயர். தொடக்கத்தில் அவருடைய திட்டம் வேலை செய்தது, எல்எஸ்யூ 17-7 என்று பின்தங்கியது. பிறகு இடைவேளைக்குள் தொடர்ந்து 3 டச்டவுன். கடைசியில் 42-25. பரோ 463 யார்டு, ஜமார் சேஸ் மட்டும் 221 யார்டு பிடித்தார். அந்தப் படத்தில் கிளெம்சன் வீரர்கள் பல ப்ளேயில் நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நிற்கிறார்கள். பந்து அவர்கள் கைக்கு எட்டாத ஒரே இடத்தில் போய் விழுகிறது. அதற்கு மேல் எந்தக் கோச்சும் எதுவும் சொல்லிக்கொடுக்க முடியாது. அதைப் பார்க்கும்போது எனக்குக் கைதட்டத்தான் தோன்றும்.

மறுகோடியில் அயோவா. 2022-இல் சவுத் டக்கோட்டா ஸ்டேட்டை 7-3 என்று வென்றார்கள். அந்த 7 புள்ளியில் டச்டவுனே இல்லை. உதைத்து எடுத்த ஒரு 3 புள்ளி ஃபீல்டு கோலும், டிஃபென்ஸ் எதிரணியை அதன் சொந்த எண்ட் ஸோனிலேயே மடக்கியதில் தலா 2 புள்ளியாகக் கிடைத்த இரண்டு சேஃப்டிகளும்தான் (ஆட்டக்காரரைக் குறிக்கும் சேஃப்டி வேறு). அடுத்த ஆண்டு அஃபென்ஸ் பயிற்சியாளர் பிரையன் ஃபெரன்ட்ஸின் ஒப்பந்தத்தில், அணி ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும் என்று எழுதியே வைத்தார்கள். எடுக்கவில்லை. ஆனாலும் கோச் ஃபில் பார்க்கரின் டிஃபென்ஸை நம்பி 10 ஆட்டம் வென்றார்கள். பந்தை உதைத்து எதிரணியைப் பின்னே தள்ளும் டோரி டெய்லர், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர், ஒரே சீசனில் 4,479 யார்டு உதைத்துச் சாதனை படைத்தார். பிறகு அவர்கள் ஆடும் பிக் டென் லீக்கின் இறுதியில் மிச்சிகனிடம் 26-0, அடுத்த ஆட்டத்தில் டென்னசியிடம் 35-0. எனக்கு அந்த டிஃபென்ஸ் வீரர்களை நினைத்தால் மனசு கனக்கும். ஒவ்வொரு முறையும் எதிரணியை நிறுத்திவிட்டு வெளியே வருவார்கள், தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் திரும்பவும் களம் இறங்க வேண்டும். 2016 டெக்சஸ் டெக் டிஃபென்ஸுக்கு வந்த அதே களைப்பு, நேர் எதிரான காரணத்தால்.

என்னைக் கேட்டால், அஃபென்ஸ், டிஃபென்ஸ் இரண்டில் ஒன்றைக் கட்டச் சொன்னால் 4 பேரை மட்டும் அனுப்பிக் குவார்ட்டர்பேக்கை அவசரப்படுத்தக்கூடிய முன்வரிசையில்தான் தொடங்குவேன். 2021 ஜார்ஜியாவிடம் அது இருந்தது. சராசரியாக 10.2 புள்ளிதான் கொடுத்தார்கள், அந்த டிஃபென்ஸிலிருந்து 5 பேர் புது வீரர்களை எடுக்கும் என்எஃப்எல் தேர்வின் முதல் சுற்றிலேயே போனார்கள். அந்த அணிக்கும் டிசம்பரில் அலபாமா 41 புள்ளி போட்டது. ஜனவரியில் ஜார்ஜியா அதே அலபாமாவை 33-18 என்று திருப்பி வென்றது. அலபாமாவில் பாஸ் பிடிக்கும் முக்கிய ரிசீவர்கள் இருவர் காயம்பட்டதும் அதற்கு ஒரு காரணம், அதை மறைப்பதில் நியாயமில்லை.

2024 முதல் எங்கள் வேலை கொஞ்சம் மாறியிருக்கிறது. அஃபென்ஸில் ஒருவர், டிஃபென்ஸில் ஒருவர் ஹெல்மெட்டுக்குள் கோச்சின் குரலைக் கேட்கலாம். ஸ்னாப் கடிகாரத்தில் 15 நொடி மீதி இருக்கும்போது அந்த இணைப்பு அறுந்துவிடும். ஓரக்கோட்டில் டேப்லெட்டும் வந்துவிட்டது, முந்தைய ப்ளேயின் படத்தை வீரர்கள் அங்கேயே பார்க்கிறார்கள். அதுவரை அட்டைகளையும் கை சைகைகளையும் நம்பித்தான் எல்லாம் நடந்தது. எனக்குத் தெரிந்து இதில் அதிகம் பயனடைந்தவர்கள் டிஃபென்ஸ்காரர்கள்தான். ஒரு லைன்பேக்கர் களத்திலிருந்து வந்த உடனே, தான் விட்ட இடைவெளியைத் தானே பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்.

புதிதாகச் சேரும் மாணவர்களிடம் நான் முதலில் கொடுப்பது சேஃப்டிகளின் படம். ஸ்னாப் நேரத்தில் இருவரும் எங்கே நிற்கிறார்கள், ஒரு நொடி கழித்து எங்கே இருக்கிறார்கள், இந்த இரண்டையும் மட்டும் ஒரு முழு ஆட்டத்துக்குக் குறிக்கச் சொல்வேன். பந்து எங்கே போனது என்ற கட்டத்தை அப்போதைக்குக் காலியாக விடச் சொல்வேன். பெரும்பாலானவர்கள் இரண்டாம் பாதிக்கு வருவதற்குள் அடுத்த ப்ளேயில் பாஸ் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்.