ஸ்டிக்கர் கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை

பல்கலைக்கழக வளாகத்தில் வண்டி நிறுத்த ஸ்டிக்கர் வாங்கிய கதை இது. ஆன்லைனில் விண்ணப்பித்ததும் பணம் கட்டியதும் பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டன. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஸ்டிக்கரை நேரில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். போனேன். வண்டி அப்பா பெயரில் இருப்பதால் அவருடைய ஒப்புதல் கடிதம் வேண்டுமாம். படிவத்தில் அப்படி ஒரு வரியே இல்லையே என்றேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கண்ணாடித் தடுப்பில் ஒட்டியிருந்த ஒரு தாளை விரலால் தட்டினார். விதிமுறையெல்லாம் அதில்தான் இருந்தது. ஆனால் எழுத்து அவர் பக்கம் பார்த்திருந்தது. எனக்குத் தெரிந்தது வெள்ளை முதுகு மட்டும்.

மறுநாள் கடிதத்தோடு போனால் சாப்பாட்டு இடைவேளை. மூன்றாம் தடவைதான் ஸ்டிக்கர் கைக்கு வந்தது. வண்டி உங்கள் பெயரில் இல்லையென்றால் கடிதத்தையும் உரிமையாளரின் அடையாள அட்டை நகலையும் முதல் நாளே எடுத்துப் போய்விடுங்கள்.

அப்புறம்தான் கூத்தே. முதல் திங்கட்கிழமை, எனக்கு ஒதுக்கிய பகுதியை நாலு சுற்று சுற்றினேன். ஓர் இடம் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள் என்ற கணக்கில், இருக்கும் இடத்தைவிடக் கூடுதலாக ஸ்டிக்கர் கொடுப்பது பல பல்கலைக்கழகங்களில் வழக்கம்தான். சரி, ஆனால் காலை வகுப்புக்கு எல்லோரும் ஒரே நேரத்தில்தானே வருவார்கள்? நூற்றுக்கு 85 இடம் நிரம்பினாலே தேடி அலைவது தொடங்கிவிடும் என்று போக்குவரத்துத் திட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். இங்கே நூறும் நிரம்பி, மரத்தடியிலும் நாலு வண்டி நின்றன.

வேறு வழியில்லாமல் பக்கத்துப் பகுதியில் விட்டேன். திரும்பி வந்தால் வைப்பரில் அபராதச் சீட்டு செருகியிருந்தது.

நல்ல வேளை, அன்று காலை எரிச்சலில் நிரம்பி வழிந்த அந்தப் பகுதியைப் படம் எடுத்து வைத்திருந்தேன். படத்தில் நேரமும் பதிவாகியிருந்தது. அதை இணைத்து மேல்முறையீடு செய்தேன். ‘ஸ்டிக்கர் இருப்பது இடத்துக்கு உத்தரவாதம் அல்ல’ என்று முதலில் பதில் வந்தது. விடவில்லை, மறுபடி எழுதினேன். கடைசியில் அபராதத்தை எச்சரிக்கையாகக் குறைத்தார்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு ஏழு நாள்தான் என்பது சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. வாங்கியதும் திருப்பிப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மெயிலில் ஒரு திருப்திக் கணக்கெடுப்பு. ஊழியர் கனிவாகப் பேசினாரா, இணையதளம் எளிதாக இருந்ததா, இரவில் வெளிச்சம் போதுமா என்று ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் கேட்டார்கள். 1932இல் இந்த அளவுகோலை வகுத்த ரென்சிஸ் லிக்கர்ட்மேல் எனக்கு வருத்தமில்லை. ‘இடம் கிடைத்ததா?’ என்ற ஒரு கேள்வியை விட்டுவிட்டவர்கள்மேல்தான். ஊழியருக்கு 2, வெளிச்சத்துக்கு 5 போட்டேன். கருத்துப் பெட்டியில், அந்தத் தாளைத் திருப்பி ஒட்டுங்கள் என்று எழுதினேன்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், திருப்பி ஒட்டியிருந்தார்கள். வண்டி நிறுத்த மட்டும் இன்னும் எட்டு மணிக்கே வந்துகொண்டிருக்கிறேன்.